கிருமி நுழையும் வாசல்: மெர்ஸ் நோயும் இனிப்பு நீர் மாத்திரையும்

(மூவாரில் ஒளிப்பதிவு செய்யப்பட்ட தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கிருமி நம் உடலுக்குள் எந்த வழியாக நுழைகிறது?" இதுதான் இன்றைய தலைப்பு. கேட்பதற்குப் பள்ளிக்கூடப் பாடம் போல இருக்கும். ஆனால், இந்தக் கேள்விக்கும் நம்மில் பலருடைய வீட்டு மேசையில் இருக்கும் மாத்திரைப் பெட்டிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். நான் மருத்துவர் அல்ல. நீங்கள் வீட்டில் உட்கார்ந்து என்னென்ன கேட்பீர்களோ, அவற்றை உங்கள் சார்பில் தேடிப் படித்துவிட்டு வந்திருக்கிறேன்.

பக்கத்து ஊரில் நடந்த சம்பவம்

2014 மார்ச் மாதம், பத்து பகாட்டைச் சேர்ந்த ஒருவர் உம்ரா யாத்திரைக்காகச் சவுதி அரேபியா சென்றார். நாடு திரும்பிய சில நாள்களில் அவருக்கு உடல்நலம் கெட்டது. ஏப்ரல் 13ஆம் தேதி அவர் இறந்தார். மலேசியாவில் பதிவான முதல் மெர்ஸ் நோயாளி அவர்தான். மூவாரிலிருந்து பத்து பகாட் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அதுவரை எங்கோ பாலைவன நாட்டு நோய் என்று நாம் நினைத்திருந்த ஒன்று, நமது ஜொகூர் மாநிலத்துக்கே வந்துவிட்டது.

மெர்ஸ் என்பது கொரோனா வகைக் கிருமி ஒன்றால் வரும் நுரையீரல் நோய். 2012ஆம் ஆண்டு, சவுதியின் ஜெட்டா நகரில் ஒரு நோயாளியின் சளியில் இந்தக் கிருமி முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. ஒட்டகங்களிடமிருந்து மனிதர்களுக்குத் தொற்றுகிறது. மருத்துவமனைகளில் மனிதரிடமிருந்து மனிதருக்கும் பரவியிருக்கிறது. 2015இல் தென் கொரியாவில் பயணி ஒருவரிடமிருந்து தொடங்கி 186 பேருக்குத் தொற்றியது. அவர்களில் 38 பேர் இறந்தனர். 2012 முதல் உலகம் முழுவதும் 2,600 பேருக்கும் மேல் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். கண்டறியப்பட்டவர்களில் மூவரில் ஒருவருக்கு மேல் உயிர் பிழைக்கவில்லை.

இந்தக் கிருமி ஏன் இவ்வளவு கொடுமையானது? விடை, அது தேர்ந்தெடுத்திருக்கும் வாசலில் இருக்கிறது.

ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு வாசல்

நம் உடல் கோடானு கோடி உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவுக்கும் சுவர் போல ஒரு மேல்தோல் உண்டு. அந்தச் சுவரில் வெளியே நீட்டிக்கொண்டு பலவகைப் புரதங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. கிருமிக்குச் சொந்தமாகக் கால் இல்லை, கை இல்லை. சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு புரதத்தைப் பற்றிக்கொண்டுதான் அது உள்ளே போக முடியும். எந்தப் புரதத்தைப் பற்றுகிறது என்பதை வைத்தே, எந்த உறுப்பு பாதிக்கப்படும் என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

நமக்கெல்லாம் மறக்க முடியாத நிப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1998, 1999ஆம் ஆண்டுகளில் நம் நாட்டில் 265 பேரைத் தாக்கி, 105 உயிர்களைப் பறித்த கிருமி. அது பற்றும் புரதத்தின் பெயர் எஃப்ரின்-பி2. 2005இல் கண்டுபிடித்தார்கள். அந்தப் புரதம் இரத்தக் குழாய்களிலும் நரம்பு அணுக்களிலும் அதிகம் இருக்கிறது. நிப்பா மூளைக் காய்ச்சலாக வந்ததற்கு இதுவே முக்கியக் காரணம்.

மெர்ஸ் கிருமி பற்றுவது வேறு வகைப் புரதம். அது ஒரு நொதி. என்சைம் என்று பள்ளியில் படித்திருப்போமே, அதுதான். சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் நொதிகள் நமக்குத் தெரியும். உயிரணுவின் வெளிச்சுவரில் ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் நொதிகளும் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது.

பாக்குவெட்டி போல ஒரு நொதி

இந்த நொதிக்கு இரண்டு பெயர்கள். இனிப்பு நீர் மருத்துவர்கள் அதை டிபிபி-4 என்பார்கள். இரத்த அணுக்களை ஆராய்பவர்கள் சிடி26 என்பார்கள். பொருள் ஒன்றுதான்.

அதன் வேலை என்ன? சில புரதங்களின் நுனியிலிருந்து இரண்டே இரண்டு மணிகளைக் கத்தரித்து எடுப்பது. புரதம் என்பது மணிகள் கோத்த மாலை போன்றது. முழு மாலையையும் இந்த நொதி அறுப்பதில்லை. நுனியில் இரண்டு மணிகளை மட்டும் சீவிவிடுகிறது. அந்த இரண்டு மணிகள் போனாலே போதும், சில புரதங்கள் செயலிழந்துவிடும். சிலவற்றின் குணமே மாறிவிடும். நம் பாட்டிமார் கையில் இருந்த பாக்குவெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வெட்டும் வாய் ஒரு பக்கம், பிடிக்கும் கைப்பிடி இன்னொரு பக்கம். இந்த உவமையை மறந்துவிடாதீர்கள். பிறகு வருகிறேன்.

சாப்பிட்டவுடன் நம் குடலிலிருந்து ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரக்கிறது. "சர்க்கரை வருகிறது, இன்சுலினை அனுப்பு" என்று கணையத்துக்கு அது செய்தி சொல்கிறது. ஆனால், ஓரிரு நிமிடங்களிலேயே டிபிபி-4 அதன் நுனியைச் சீவிவிடுகிறது. செய்தி பாதியில் நின்றுவிடுகிறது. இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு இந்தச் செய்தி இன்னும் கொஞ்ச நேரம் நீடித்தால் நல்லதுதானே? அதற்காக வந்தவையே கிளிப்டின் வகை மாத்திரைகள். சிதாக்ளிப்டின் 2006இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. ஜனுவியா என்ற பெயரில் விற்கும் மாத்திரை அதுதான். வில்டாக்ளிப்டின், லினாக்ளிப்டின் ஆகியவையும் அதே வகை. இவை டிபிபி-4இன் வெட்டும் வாயை அடைத்துவிடுகின்றன.

வாசலைக் கண்டுபிடித்த கதை

மெர்ஸ் கிருமியின் வாசல் இந்த நொதிதான் என்று கண்டுபிடித்தது, நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் உள்ள எராஸ்மஸ் மருத்துவ மையத்தைச் சேர்ந்த ஆய்வுக்குழு. கட்டுரை 2013 மார்ச் மாதம் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. கட்டுரையாளர் பட்டியலில் முதல் பெயர் வி. ஸ்டாலின் ராஜ். அவர் பின்னாளில் திருவனந்தபுரத்தில் உள்ள இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிலையத்தில் பணியில் சேர்ந்தார்.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்? தூண்டில் போட்டுத்தான். கிருமியின் மேல் முள் போல நீட்டிக்கொண்டிருக்கும் புரதத்தின் ஒரு துண்டைத் தூண்டில் முள்ளாக வைத்தார்கள். கிருமி தாக்கக்கூடிய உயிரணுக்களில் அதை விட்டார்கள். முள்ளில் மாட்டி வந்த புரதத்தை ஆராய்ந்தால், அது டிபிபி-4! உறுதிப்படுத்த இன்னொரு சோதனையும் செய்தார்கள். மெர்ஸ் நுழையவே முடியாத உயிரணுக்களில் இந்த நொதியைப் புதிதாக வைத்துப் பார்த்தார்கள். கிருமி உள்ளே போய்விட்டது.

இதனால் பல புதிர்கள் அவிழ்ந்தன. மனிதர்களுக்கு இந்த நொதி மூக்கைவிட நுரையீரலின் அடி ஆழத்தில்தான் அதிகம். எனவே நோய் கடுமையான நிமோனியாவாக வருகிறது. ஒட்டகத்துக்கோ மூக்கிலேயே நிறைய இருக்கிறது. எனவே அதற்குச் சாதாரணச் சளியோடு போய்விடுகிறது. சளி ஒழுகும் மூக்கிலிருந்து கிருமி மனிதனுக்குத் தாவுகிறது.

காவல்காரன் வீட்டிலும் அதே வாசல்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். இந்த நொதி நுரையீரலில் மட்டும் இல்லை. நம் உடலின் காவல்காரர்களான டி அணுக்களின் மேலும் இருக்கிறது. டி அணு என்பது வெள்ளை இரத்த அணுக்களில் ஒரு வகை. கிருமி புகுந்த உயிரணுக்களைத் தேடி அழிப்பதும், மற்றக் காவல்காரர்களுக்குக் கட்டளை கொடுப்பதும் அதன் வேலை. டி அணு விழித்தெழுந்து வேலைக்குப் புறப்படும்போது அதன் மேல் சிடி26 இன்னும் கூடுகிறது.

விளைவைப் பாருங்கள். திருடனைப் பிடிக்கக் காவல்காரன் ஓடி வருகிறான். திருடன் பிடித்து ஏறும் அதே கைப்பிடி காவல்காரன் சட்டையிலும் தொங்குகிறது! ஹாங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். மெர்ஸ் கிருமி மனித டி அணுக்களுக்குள் புகுந்துவிடுகிறது. உள்ளே பெரிய அளவில் பெருகுவதில்லை. ஆனாலும் டி அணு தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. அதே பல்கலைக்கழகத்தில் முன்பு நடந்த ஆய்வில், மேக்ரோஃபேஜ் எனப்படும் துப்புரவு அணுக்களுக்குள் இந்தக் கிருமி பெருகுவதும் தெரிய வந்தது.

2003இல் வந்த சார்ஸ் நோயோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். சார்ஸ் நம் அண்டை நாடான சிங்கப்பூரில் 238 பேரைத் தாக்கி, 33 பேரைக் கொன்றது. அதன் வாசலும் உயிரணுச் சுவரில் உள்ள ஒரு நொதிதான். பெயர் ஏசிஇ2. கோவிட்-19 கிருமியும் அதே வாசலைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால், டி அணுக்களின் மேல் ஏசிஇ2 மிகவும் அரிது. மூன்றுமே கொரோனா குடும்பம். வாசல் வேறு என்பதால், நோய் எதிர்ப்பு அணுக்களுக்கு வரும் ஆபத்தும் வேறாகிறது.

வெட்டும் வாயும் கிருமியைப் பாதிக்கிறது

இதே நொதிக்கும் எச்ஐவி கிருமிக்கும் ஒரு பழைய கதை உண்டு. எச்ஐவி தாக்குவதும் டி அணுக்களைத்தான். அது சிடி4 என்ற புரதத்தைப் பற்றுகிறது என்பது 1980களிலேயே தெரியும். ஆனால் அது மட்டும் போதாது, இரண்டாவது கைப்பிடி ஒன்றும் வேண்டும். அது எது என்று உலகமே தேடிக்கொண்டிருந்தது. 1993இல் பாரிஸ் பாஸ்டர் கழக ஆய்வாளர்கள், அது சிடி26தான் என்று அறிவித்தார்கள். பெரும் பரபரப்பு. ஆனால், மற்ற ஆய்வுக்கூடங்களில் அதே முடிவு வரவில்லை. 1996இல் உண்மையான இரண்டாவது கைப்பிடிகள் கிடைத்தன. ஒன்று சிசிஆர்5, மற்றொன்று சிஎக்ஸ்சிஆர்4.

அப்படியானால் சிடி26க்கும் எச்ஐவிக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது, வேறு விதமாக. நம் உடலில் ராண்டீஸ் என்றொரு தூதுப் புரதம் உண்டு. அது சிசிஆர்5 வாசலில் போய் உட்கார்ந்துகொண்டால் எச்ஐவிக்கு இடமில்லை. சிடி26 இந்த ராண்டீஸின் நுனியில் இரண்டு மணிகளைச் சீவுகிறது. சீவிய ராண்டீஸ் அந்த வாசலை முன்பைவிட நன்றாக மறைக்கிறது. எஸ்டிஎஃப்-1 என்ற இன்னொரு தூதுப் புரதம் சிஎக்ஸ்சிஆர்4 வாசலை மறைப்பது. அதன் நுனியைச் சீவினால் அதற்குப் பலமே போய்விடுகிறது. அந்த வாசல் கிருமிக்குத் திறந்து கிடக்கிறது. ஒரே வெட்டு, ஒரு வாசலில் நன்மை, மறு வாசலில் தீமை.

ஆக, உயிரணுச் சுவரில் இருக்கும் ஒரு நொதி இரண்டு வழிகளில் தொற்றை மாற்றலாம். தானே கைப்பிடியாகலாம். அல்லது, கிருமியைத் தடுக்கும் புரதங்களைச் சீவி, அவற்றின் பலத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்.

"அப்படியென்றால் என் மாத்திரை?"

நிகழ்ச்சியில் இந்த இடத்துக்கு வந்தபோது பார்வையாளர் வரிசையில் இருந்து ஓர் அம்மா எழுந்து கேட்டார். "ஏம்மா, நான் சாப்பிடுற இனிப்பு நீர் மாத்திரை அந்த நொதியை அடைக்கிறதுன்னு நீயே சொன்னே. அப்போ எனக்கு அந்தக் கிருமி வராதா? இல்ல, அந்த மாத்திரையால என் எதிர்ப்பு சக்தி குறைஞ்சு போகுமா? சாப்பிடலாமா, நிறுத்திடவா?"

அரங்கில் பலர் தலையாட்டினார்கள். காரணம் இருக்கிறது. 2019இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வின்படி, நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது சுமார் 31 விழுக்காடு. மூன்று பேர் உட்கார்ந்தால் ஏறக்குறைய ஒருவருக்கு! மெர்ஸ் வந்தால் நிலைமை மோசமாகக்கூடியவர்களும் இனிப்பு நீர், சிறுநீரகக் கோளாறு, நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள்தான். எனவே அந்த அம்மா கேட்டது நம் எல்லாருடைய கேள்வி.

முதல் கேள்விக்கு விடை: மாத்திரை கிருமியைத் தடுக்காது. வாசலைக் கண்டுபிடித்த அதே 2013 கட்டுரையில் இதையும் சோதித்திருக்கிறார்கள். உயிரணுக்களுக்குச் சிதாக்ளிப்டின், வில்டாக்ளிப்டின் முதலிய மருந்துகளைக் கொடுத்துவிட்டுக் கிருமியை விட்டார்கள். கிருமி வழக்கம்போல நுழைந்தது. ஏன்? பாக்குவெட்டியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மாத்திரை போய் அடைப்பது வெட்டும் வாயை. கிருமி பிடிப்பது கைப்பிடியை. வாயில் துணியைச் செருகிவிட்டால் பாக்கு வெட்ட முடியாது. ஆனால் கைப்பிடியை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம்!

கைப்பிடியை மறைக்கும் பொருளும் நம் உடலிலேயே இருக்கிறது. அதன் பெயர் அடினோசின் டிஅமினேஸ். இதுவும் ஒரு நொதி. டி அணுக்களுக்கு மிகவும் வேண்டியது. பிறவியிலேயே இது இல்லாத குழந்தைகளுக்கு எதிர்ப்பு சக்தி உருவாகாமல் போகும். இந்த நொதி இயல்பாகவே சிடி26இன் கைப்பிடிப் பக்கத்தில் வந்து அமரும். மெர்ஸ் கிருமி பிடிப்பதும் அதே இடம். ஆய்வுக்கூடத்தில் இதை நிறையச் சேர்த்தபோது தொற்று குறைந்தது. ஆனால் இது இன்னும் மருந்தாகவில்லை. மெர்ஸ் நோய்க்கு அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசியோ தனி மருந்தோ இன்றுவரை இல்லை என்பதே உண்மை.

இரண்டாவது கேள்வி, எதிர்ப்பு சக்தி. நொதி டி அணுவின் மேல் இருப்பதால், இந்தச் சந்தேகம் மருத்துவர்களுக்கும் தொடக்கத்தில் இருந்தது. 2015இல் வெளியான சிதாக்ளிப்டின் பெருஞ்சோதனையில் 14 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். பல ஆண்டுகள் கவனித்ததில், மாத்திரை சாப்பிட்டவர்களுக்குத் தொற்று நோய்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடும்படி கூடவில்லை. எச்ஐவி உள்ளவர்களிடம் நடத்தி 2013இல் வெளியான சிறிய ஆய்விலும், சிதாக்ளிப்டினால் டி அணுக்களின் எண்ணிக்கை குறையவில்லை, கிருமியும் கூடவில்லை.

வதந்திக்கு மருந்தை நிறுத்தாதீர்கள்

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? 2020இல் கோவிட் பரவியபோது நாம் பட்ட பாடு நினைவிருக்கிறதா? கிருமி ஏசிஇ2 நொதி வழியாக நுழைகிறது என்று செய்தி வந்தது. உடனே, இரத்தக் கொதிப்புக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் அந்த நொதியைக் கூட்டிவிடும், அதனால் கோவிட் முற்றும், மாத்திரையை நிறுத்துங்கள் என்று புலனத்தில் செய்திகள் பறந்தன. இதய மருத்துவர் சங்கங்கள் நிறுத்தாதீர்கள் என்று கேட்டுக்கொண்டன. பிரேசிலில் முறையாகச் சோதித்து 2021 தொடக்கத்தில் முடிவை வெளியிட்டார்கள். கோவிட் நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு மாத்திரையை நிறுத்தினார்கள், மறு பாதியினருக்குத் தொடர்ந்தார்கள். நிறுத்தியதால் ஒரு நன்மையும் கிடைக்கவில்லை.

மறுபக்கமும் நடந்தது. சிதாக்ளிப்டின் கொடுத்த கோவிட் நோயாளிகள் அதிகம் பிழைத்தார்கள் என்று 2020இல் இத்தாலியிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. அது ஏற்கனவே நடந்ததைக் கணக்கெடுத்துப் பார்த்த ஆய்வு. பின்னர் இஸ்ரேலில் லினாக்ளிப்டின் மாத்திரையை முறைப்படி சோதித்தபோது, நோயாளிகள் சீக்கிரம் தேறவில்லை. "இந்த நொதி கிருமிக்கு வாசல்" என்பது ஒரு செய்தி. "இந்த நொதியைத் தொடும் மாத்திரை நல்லது" அல்லது "கெட்டது" என்பது முற்றிலும் வேறு செய்தி. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குத் தாவக்கூடாது. நடுவில் ஆண்டுக்கணக்கான சோதனை இருக்கிறது.

மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் சர்க்கரை ஏறும். சர்க்கரை ஏறினால் எதிர்ப்பு அணுக்களின் வேகம் குறையும். வராத கிருமிக்குப் பயந்து மருந்தை நிறுத்தி, வந்திருக்கும் நோயைப் பெரிதாக்கிக்கொள்வது புத்திசாலித்தனமா?

நாம் செய்ய வேண்டியவை

உம்ரா, ஹஜ் யாத்திரைக்கோ வேலைக்கோ மத்திய கிழக்கு நாடுகளுக்குப் போகிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சில வார்த்தைகள்.

ஒட்டகப் பண்ணைக்குச் சுற்றுலா போவதைத் தவிர்த்துவிடுங்கள். காய்ச்சாத ஒட்டகப் பால் வேண்டாம். இனிப்பு நீர் உள்ளவர்கள் இதில் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும். அடிக்கடி கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். புறப்படும் முன்பு மருத்துவரைப் பார்த்து, தங்கும் நாள்களுக்குப் போதுமான மாத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்த 14 நாள்களுக்குள் காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல் வந்தால் சாதாரணச் சளி என்று விட்டுவிடாதீர்கள். முகக்கவசம் அணிந்துகொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். போனவுடன், "நான் மத்திய கிழக்கிலிருந்து வந்திருக்கிறேன்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். தென் கொரியாவில் முதல் நோயாளிக்கு மெர்ஸ் என்று தெரிவதற்குள் அவர் பல மருத்துவ நிலையங்களுக்குப் போய்விட்டார். நோய் அங்கிருந்துதான் பரவியது. நம் நாட்டில் 2014இல் ஒருவர், 2018 தொடக்கத்தில் இன்னொருவர் என இரண்டு பேருக்கு மட்டுமே மெர்ஸ் உறுதியானது. தொடர்பில் இருந்தவர்களைத் தேடிப் பிடித்துப் பரிசோதித்த சுகாதாரப் பணியாளர்களை இங்கே நன்றியோடு நினைக்க வேண்டும்.

கேள்வி கேட்ட அந்த அம்மாவுக்கு நான் சொன்னதையே வாசகர்களுக்கும் சொல்கிறேன். மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடுங்கள். அது சர்க்கரைக்கான மருந்து, கிருமிக்கான கவசம் அல்ல. சந்தேகம் வந்தால் மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு கிளினிக்கில் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ காட்டிக் கேளுங்கள். அடுத்த முறை "இந்த மாத்திரை கிருமிக்கு வாசலைத் திறந்துவிடும்" என்று யாராவது புலனத்தில் அனுப்பினால், அதை மற்றவர்களுக்கு அனுப்புவதற்கு முன்பு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதை மனிதர்களிடம் சோதித்துப் பார்த்தார்களா?